ஆள் இருக்கும் வீடு

அவனியாபுரத்துக்குத் தெற்கே, விமான நிலையச் சாலையிலிருந்து பிரியும் ஒரு புதுக் குடியிருப்புக்கு நாங்கள் வாடகைக்கு வந்த முதல் வாரம் அது. மாலையில் மாடிக்குத் துணி எடுக்கப் போனபோது எதிர்வரிசை வீடுகளில் விளக்கு எரியத் தொடங்கியதைப் பார்த்தேன். பகலெல்லாம் ஆள் நடமாட்டமே இல்லாத தெரு. முதலில் மூலை வீட்டில் வெளிச்சம் வந்தது. கொஞ்சம் கழித்து அதற்கடுத்த வீடு. பிறகு அதற்கடுத்தது. ஒருவர் பின் ஒருவராக வேலை முடிந்து வீடு திரும்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் வண்டிச் சத்தம் கேட்கவில்லை. குக்கர் விசில் இல்லை. பிள்ளைகளை அதட்டும் குரல் இல்லை.

"அக்கம்பக்கம் நல்லவங்களா இருக்காங்க. ஒரு சத்தம் இல்ல," என்றார் அம்மா. கே.கே. நகரில் மாடி வீட்டுக்காரர்களின் கிரைண்டருக்குக் கீழே பல வருஷம் குடியிருந்துவிட்டு வந்தவர் அவர்.

காலையில் நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது எல்லா வாசலிலும் கோலம் இருக்கும். மாடிக் கொடிகளில் துணி காயும். ஒரு வாசலில் ஆண்கள் செருப்பு, இன்னொரு வாசலில் சின்னப் பிள்ளையின் சைக்கிள். அந்த சைக்கிள் ஒரு நாளும் இடம் மாறவில்லை என்பதைக் கொஞ்ச நாள் கழித்துத்தான் கவனித்தேன். அதற்குப் பிறகு கோலங்களையும் பார்த்தேன். வேறு வேறு கோலங்கள்தான். ஆனால் எல்லாம் முடிகிற இடத்தில் ஒரே மாதிரி ஒரு சின்னச் சுழி இருந்தது.

அன்று மாலை வேண்டுமென்றே கீழே வந்து கேட் பக்கம் நின்றேன். மூலை வீட்டில் விளக்கு எரிந்தது. சற்று நேரத்தில் அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் வெளியே வந்து கதவைப் பூட்டினார். ஐம்பதை நெருங்கும் வயது. சேலை முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தார். கையில் பெரிய சாவிக் கொத்து. நேராக அடுத்த வீட்டுக்கு வந்து அதன் பூட்டைத் திறந்தார்.

"நீங்க எந்த வீட்டுல இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"எல்லா வீட்டுலயுந்தேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த வீட்டிலும் விளக்கு எரிந்தது.

அவர் பெயர் தங்கப்பொண்ணு.

எங்கள் தெருவில் உண்மையிலேயே குடியிருந்தது மூன்று குடும்பங்கள்தான் என்பதை அவர்தான் எனக்குச் சொன்னார். மற்ற வீடுகளின் சொந்தக்காரர்கள் துபாயிலும் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருந்தார்கள். வயதான காலத்தில் வந்து இருக்கலாம் என்றோ, விலை ஏறும் என்றோ கட்டிப் போட்டவர்கள்.

இந்த வேலை எப்படி ஆரம்பித்தது என்று கேட்டபோது தங்கப்பொண்ணு மூலை வீட்டைக் காட்டினார். அது லலிதாம்பாள் என்பவருடைய வீடு. மகால் பக்கம் பழைய தெருவில் குடியிருக்கும் சௌராஷ்டிரா குடும்பம். அமெரிக்காவில் இருக்கும் மகனுக்காக அவரும் அவருடைய கணவர் ஜனகராஜும் நின்று கட்டிய வீடு. கிரகப்பிரவேசம் முடிந்து மகன் விமானம் ஏறியதும் லலிதாம்பாளுக்குக் கவலை வந்துவிட்டது. பால் காய்ச்சிய வீட்டை இருட்டில் போட்டு வைக்கக் கூடாது. ஆனால் அவ்வளவு தூரம் வாராவாரம் வர முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அப்போது பக்கத்து மனையில் சித்தாளாகச் செங்கல் சுமந்துகொண்டிருந்தவர் தங்கப்பொண்ணு.

"புருசன்கிட்ட அவுங்க பாஷையில கொஞ்ச நேரம் பேசுனாங்க. அவரு தலைய ஆட்டுனாரு. அப்புறம் என்னையக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வாசல் தெளிச்சு ஒரு கோலம், உள்ள ஒரு விளக்கு, அம்புட்டுத்தான்னாங்க. எனக்கு என்ன கஷ்டம்? அந்த வீட்டுக்கும் செங்கல் சுமந்தவதான நான். எந்தச் செவுத்துல எந்த சுவிச்சுன்னு பூசும்போதே தெரியும்."

வெள்ளிக்கிழமை விளக்கை எல்லா நாளைக்குமான வேலையாக மாற்றியவர் மெர்வின். மனைகளையும் வீடுகளையும் விற்றுக் கொடுக்கும் சைட் ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர். வெள்ளிக்கிழமைகளில் வீடு பார்க்க வருகிறவர்கள் மூலை வீட்டின் முன்னால் கூடுதல் நேரம் நிற்பதை அவர் கவனித்திருக்கிறார். "இங்க ஆள் இருக்காங்கல்ல, அப்பப் பரவால்ல," என்று ஒரு பெண்மணி கணவரிடம் சொன்னதும் காதில் விழுந்திருக்கிறது. அடுத்த மாதமே எல்லாச் சொந்தக்காரர்களிடமும் பேசிச் சாவிகளை வாங்கித் தங்கப்பொண்ணு கையில் கொடுத்துவிட்டார்.

அதன்பிறகு தங்கப்பொண்ணு வேலையைத் தானாகவே வளர்த்துக்கொண்டார். நான் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னார். செருப்பு வைத்தால் ஜோடியாக வைக்க வேண்டும், ஆனால் நேராக வைக்கக் கூடாது. நேராக இருந்தால் கடை மாதிரி இருக்கும். துணியைக் காயப் போடும்போது நனைத்துத்தான் போட வேண்டும். பார்க்க வருகிறவர்களில் சில பெண்கள் சும்மா தொட்டுப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு வீட்டில் கடுகும் கறிவேப்பிலையும் போட்டு எண்ணெய் தாளித்துவிட வேண்டும்.

"வெறும் தாளிப்பா? குழம்பு இல்லையா?"

"குழம்பு வச்சா யாரு திங்கிறது? வாசந்தான் வேணும். டீச்சர், உங்க வீட்டுல எனக்கு வேலையே இல்ல. உங்க அம்மா வைக்கிற கருவாட்டுக் கொழம்பு மெயின் ரோடு வரைக்கும் ஆள் இருக்குன்னு சொல்லுது."

அம்மா அன்று முழுவதும் ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தார்.

வீடு பார்க்க வருகிறவர்களிடம் மெர்வின் பேசுவது எங்கள் மாடிக்குக் கேட்கும். "மதுரை இப்ப இங்கிட்டுத்தான் சார் வளருது. பழைய மதுரையை மறந்துருங்க. சுத்துவட்டாரத்துல குடிசைன்னு ஒண்ணு கிடையாது." அப்போது தங்கப்பொண்ணு எதிர்மாடியில் யாருடையதோ ஒரு சட்டையை உதறிக் காயப் போட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் அதைப் பற்றி அவரிடம் கேட்டேன்.

"தம்பி சொல்றது சரிதான? எங்களத்தான் அள்ளிக்கிட்டுப் போயி அங்கிட்டு வச்சுட்டாங்கல்ல," என்றார். கோபமெல்லாம் இல்லை. மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அவர் பிறந்ததும் கல்யாணம் முடித்ததும் நகருக்குள் ஓடும் ஒரு வாய்க்காலின் கரையில். கணவர் வீரணன் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். அந்தக் கரையில் இருந்த குடிசைகளை எடுப்பதாகப் பேச்சு வந்த வருஷம் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். ஒரே மகன் சூரியபிரகாஷ் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். வாய்க்கால் கரை இப்போது கம்பி வேலி போட்டு, நடைபாதை போட்டு, சுவரெல்லாம் ஜல்லிக்கட்டுக் காளைகள் வரைந்து அழகாக இருக்கிறது. அந்தச் சுவரைப் பஸ்ஸிலிருந்து நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மதுரைக்கு வரும் உறவினர்களுக்குக் காட்டியும் இருக்கிறேன். ஒருமுறை இருவரும் ஒரே பஸ்ஸில் போனபோது தங்கப்பொண்ணு ஜன்னல் வழியாகக் கை நீட்டினார்.

"அந்தா, காளை கொம்பு தெரியுதுல்ல. அங்கதேன் எங்க அடுப்பு இருந்துச்சு."

குடிசைக்குப் பதிலாகச் சமயநல்லூருக்கும் அப்பால், வயல் முடிந்து கல்காடாகக் கிடந்த இடத்தில் கட்டிய பிளாக்குகளில் அவர்களுக்கு வீடு ஒதுக்கியிருந்தார்கள். தங்கப்பொண்ணுக்கு மூன்றாவது மாடி. ஒரு ஹால், ஒரு சின்ன அறை, சமையல் மேடை, கக்கூஸ் உள்ளேயே. அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் தணிந்துவிடும்.

"என் பேருல டீச்சர். வீரணன் பொண்டாட்டின்னு இல்ல. தங்கப்பொண்ணுன்னு. ரேசன் கார்டுல கூட அவரு பேருக்குக் கீழதான் என் பேரு இருந்துச்சு. அந்த வீட்டுக்கு மட்டும் நான்தான் மொத ஆளு."

ஆனால் அந்த வீட்டில் அவரால் இருக்க முடியவில்லை. அங்கிருந்து எங்கள் தெருவுக்கு வர நகரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடக்க வேண்டும். இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ. விடியும்போது கோலம் போட வேண்டும், இருட்டும்போது விளக்குப் போட வேண்டும் என்றால் அது நடக்கிற காரியமில்லை. அதனால் வில்லாபுரத்தில் தங்கச்சி வீட்டில் ஒரு ஓரத்தில் படுத்துக்கொண்டு, ஞாயிறு இரவு மட்டும் தன் வீட்டுக்குப் போய்த் திங்கட்கிழமை காலை திரும்பினார்.

மெர்வினுக்கு இது தெரியாது. வில்லாபுரம் என்றுதான் சொல்லி வைத்திருந்தார். அதற்குக் காரணம் இருந்தது. முன்பு கே.கே. நகரில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தார். புது வீடு கிடைத்த சந்தோஷத்தில் இடத்தைச் சொன்னதும் அந்த வீட்டம்மா, "அந்த பிளாக்கா? அங்கிட்டெல்லாம் ஒரு மாதிரின்னு சொல்றாங்களே," என்றாராம். அடுத்த வாரம் வேலை இல்லை. "வாய்க்கால் கரையில குடிசையில இருந்தப்ப என்னைய நம்பி வீட்டச் சாத்தாமப் போவாங்க. மாடி வீட்டுக்குப் போனதும் நான் ஒரு மாதிரி ஆயிட்டேன்," என்று சொல்லிச் சிரித்தார்.

இப்படி இருந்தபோதுதான் செக்கிங் வரப்போகிறது என்று பேச்சு வந்தது. ஒதுக்கப்பட்ட வீட்டில் அந்த ஆளே குடியிருக்கிறாரா என்று அலுவலர்கள் வந்து பார்ப்பார்கள். பூட்டிக் கிடந்தாலோ, வாடகைக்கு விட்டிருந்தாலோ ஒதுக்கீடு ரத்து. காத்திருக்கும் வேறு ஆளுக்குப் போய்விடும்.

தங்கப்பொண்ணு பதறவில்லை. ஆள் இல்லாத வீட்டில் ஆள் இருப்பதாகக் காட்டத்தானே அவர் தினமும் வேலை பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி முழுவதும் தன் வீட்டில் அந்த வேலையைச் செய்தார். வாசலுக்கு மாவிலை கட்டினார். லலிதாம்பாள் கொடுத்த பழைய திரைச்சீலையை ஜன்னலில் தொங்கவிட்டார். செருப்பைக் கொஞ்சம் கோணலாக வைத்தார். எதிர்வீட்டு மலையம்மாளிடம் சாவியைக் கொடுத்து, காலையில் கோலம், சாயங்காலம் விளக்கு, தினமும் ஒரு சேலையை நனைத்துக் காயப் போடுவது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தார். மலையம்மாளும் ஒன்று விடாமல் செய்தார்.

அலுவலர் வந்தது ஒரு புதன்கிழமை. நடந்ததைத் தங்கப்பொண்ணு எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து சொன்னார். மலையம்மாள் அவருக்குச் சொல்லி, அவர் எங்களுக்குச் சொன்னது.

அலுவலர் கோலத்தைப் பார்த்தாராம். மாவிலையைப் பார்த்தாராம். மலையம்மாள் சாவி போட்டுத் திறந்து உள்ளே விளக்கு எரிவதையும் காட்டியிருக்கிறார். அந்த மனிதர் உள்ளே போகாமல் வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டு, "குடம் எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

அந்த வராந்தாவில் ஒவ்வொரு கதவுக்கு வெளியிலும் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக இருக்கும். மாடிக்குத் தண்ணீர் ஏறுவதில்லை. கீழே பொதுக் குழாயில் காலையில் பிடித்து மூன்று மாடி தூக்கிக்கொண்டு வர வேண்டும். குடம் இல்லாத கதவு தங்கப்பொண்ணுடையது ஒன்றுதான். எங்கள் தெருவில் மோட்டார் போட்டால் தண்ணீர் வரும். எந்த வாசலிலும் குடம் கிடையாது. வாய்க்கால் கரையிலோ குடத்தை வெளியே வைத்தால் மறுநாள் இருக்காது என்று எல்லாரும் உள்ளேதான் வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மலையம்மாளிடம் ஒரு வாளி வாங்கியே சமாளித்ததால் தங்கப்பொண்ணுக்குக் குடம் வைக்கத் தோன்றவே இல்லை.

"வீடு கிரகப்பிரவேசத்துக்கு ஜோடிச்சு வச்ச மாதிரி இருக்கே. அந்தம்மா எங்க?" என்றாராம் அலுவலர்.

"ஊருக்குப் போயிருக்கா சார்," என்றிருக்கிறார் மலையம்மாள்.

"எந்த ஊருக்கு?"

"மதுரைக்கு."

"இதுவும் மதுரைதானம்மா?"

அந்த பிளாக்குகளில் எல்லாருமே அப்படித்தான் சொல்வார்கள். மார்க்கெட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ கிளம்பினால், மதுரைக்குப் போயிட்டு வாரேன் என்பார்கள். அலுவலர் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போய்விட்டார். இம்மாதம் முடிவதற்குள் எந்த நாளும் மீண்டும் வருவோம், அப்போதும் குடியிருப்பதாகத் தெரியாவிட்டால் ஒதுக்கீடு ரத்து என்று அதில் இருந்தது.

"இத்தன வீட்டுக்கு ஆளு இருக்குன்னு காட்டுறேன். எங்க வீட்டுல மாட்டிக்கிட்டேன் பாருங்க," என்றார் தங்கப்பொண்ணு. சிரிப்பாகத்தான் ஆரம்பித்தார். அம்மா கொடுத்த டீ அப்படியே ஆறிக் கிடந்தது.

மறுநாள் நான் ஸ்கூட்டரில் வரும்போது சைட் ஆபீஸ் வாசலில் அவரும் மெர்வினும் நின்றுகொண்டிருந்தார்கள். சாவிக் கொத்து மேஜை மேல் இருந்தது.

"ஒரு மாசந்தேன் தம்பி. என் வீட்டுல ஆள் இருக்கணும்."

"உங்களுக்கு ஏதுக்கா வீடு? தங்கச்சி வீட்டுல இருக்கேன்னீங்க?"

தங்கப்பொண்ணு இடத்தைச் சொன்னார். மெர்வின் என்னைப் பார்த்தார், பிறகு சாவிகளைப் பார்த்தார்.

"அங்கயா இருக்கீங்க?"

"இல்ல. இனிமேத்தான் இருக்கப் போறேன்."

"இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லக்கா. அம்புட்டு வீட்டுச் சாவியும் உங்க கையில இருந்துருக்கு."

"சாவி குறையுதான்னு எண்ணிப் பாருங்க தம்பி. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

"நான் அப்படிச் சொல்லல," என்றார் மெர்வின். ஆனால் தங்கப்பொண்ணு போன பிறகு எண்ணினார்.

வேறு ஆள் தேடுவதற்குப் பதிலாக அவர் எல்லா வீட்டிலும் டைமர் சுவிட்ச் வைத்தார். முதல் நாள் மாலை தெரு முழுவதும் ஒரே நொடியில் எரிந்தது. அம்மா மாடியில் திடுக்கிட்டு நின்றுவிட்டார். அந்த வாரம் இரண்டு முறை கரண்ட் போய் வந்ததில் டைமர்களின் நேரம் மாறிவிட்டது. உச்சி வெயிலில் எல்லா வீட்டு வாசல் விளக்கும் எரிய, ஒரு குடும்பம் காரை விட்டு இறங்கி மேலே பார்த்தபடி நின்றதை நானே பார்த்தேன். மெர்வின் தங்கப்பொண்ணுக்கு போன் செய்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது வந்துவிட்டுப் போகச் சொல்லி. ஞாயிற்றுக்கிழமையும் செக்கிங் வரலாம் என்று அவர் மறுத்துவிட்டார்.

அவர் எப்படி இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. வரலாமா என்று போனில் கேட்டேன்.

"வாங்க. ஆனா ஷேர் ஆட்டோக்காரன்கிட்ட பிளாக் பேரைச் சொல்லாதீங்க. ஏத்த மாட்டான். கடைசி ஸ்டாப்புன்னு சொல்லுங்க."

சனிக்கிழமை விடுமுறை. காலையிலேயே கிளம்பிப் போனேன். கடைசி ஸ்டாப்பில் இறங்கியதும் ஒரே அச்சில் வார்த்ததுபோல மஞ்சள் நிறக் கட்டடங்கள் நின்றன. ஆள் இருப்பதைக் காட்ட இங்கே யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு ஜன்னலிலும் துணி, பாட்டு, யாரையோ யாரோ கூப்பிடும் சத்தம். மீன் வண்டிக்காரர் ஒவ்வொரு பிளாக்கின் கீழும் நின்று மேலே பார்த்துக் கூவ, மேலேயிருந்து கயிற்றில் கூடை இறங்கியது.

இரண்டாவது பிளாக்கின் அடியில் குழாயைச் சுற்றி ஒரு கூட்டம். நடுவில் தங்கப்பொண்ணின் குரல்.

"ஓட்டைக் கொடம் கெடந்தா யாரோ தூக்கிப் போட்டதுன்னுதான நெனப்பாங்க?"

"ஓட்டையோ ஒடைசலோ, வரிசையில இருந்தா ஆள் இருக்குன்னு அர்த்தம். ஒனக்கு அது தெரியாதாக்கும்?" அப்படிக் கேட்டவர் ஒல்லியான, உயரமான பெண். பேசப் பேசத்தான் அது மலையம்மாள் என்று எனக்குப் புரிந்தது.

அந்தக் குழாயடியில் முதல் நாள் இரவே குடங்களை வரிசையாக வைத்துவிடுவார்கள். நல்ல குடம் வைத்தால் காணாமல் போகும் என்பதால் உடைந்த குடத்தையோ, ஒரு செங்கலையோ வைத்து இடம் பிடிப்பது வழக்கம். புதிதாக வந்த தங்கப்பொண்ணு மலையம்மாளின் ஓட்டைக் குடத்தை ஓரமாக நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்திருக்கிறார். அவர் குடங்கள் நிரம்பின. மலையம்மாளின் முறை வரும்போது தண்ணீர் நின்றுவிட்டது.

"கோலம் போடுறதுக்கு மலையம்மா வேணும். வெளக்கு வைக்க மலையம்மா வேணும். சேலைய நனைச்சு நனைச்சுக் காயப் போட்டு என் கையே வெளுத்துப் போச்சு. தண்ணின்னு வந்தா மட்டும் மலையம்மா கொடம் கண்ணுக்குத் தெரியாது."

"தெரியாமச் செஞ்சுட்டேன்னு சொல்றேன்ல. ஒரு கொடம் எடுத்துக்க."

"நீயே குளி. பத்து வீட்டுக்காரி, ஒனக்கு எல்லாம் வேணும்."

மலையம்மாள் வெறுங்குடங்களை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார். தங்கப்பொண்ணு அப்போதுதான் என்னைப் பார்த்தார். "வாங்க டீச்சர்," என்றார். முகம் சிவந்திருந்தது. ஒரு குடத்தை நான் தூக்கினேன். முதல் மாடியிலேயே என்னால் முடியவில்லை. அவர் அதையும் வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினார்.

வீடு சின்னதாக, சுத்தமாக இருந்தது. மாவிலை காய்ந்து போயிருந்தது. கதவுக்கு வெளியே இப்போது பச்சையும் சிவப்புமாகக் குடங்கள். எதிர்க்கதவு சாத்தியிருந்தது. டீ போட்டுக் கொடுத்துவிட்டு அவர் கதவைத் திறந்து வைத்தபடி நிலைப்படிக்கு அருகில் உட்கார்ந்தார். வந்த நாளிலிருந்து பகலில் கதவைச் சாத்துவதே இல்லையாம். கடைக்குப் போவதென்றால்கூட ஓடிப்போய் ஓடிவருவதாகச் சொன்னார்.

"மாசம் முடியப் போகுது. இன்னும் வரல. எனக்கு ராத்திரியெல்லாம் அதே நெனப்பு. இதுவும் போச்சுன்னா தங்கச்சி வீட்டு ஓரந்தேன். அவ புருசனும் எத்தன நாளைக்குப் பார்ப்பான்? எம் பயலும் திருப்பூர்ல இருந்து வந்தா எங்க வந்து நிப்பான்?"

நான் டீயைக் குடித்தேன்.

அப்போது படியில் பேச்சுச் சத்தம் கேட்டது. இரண்டு பேர் ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவர் கழுத்தில் அடையாள அட்டை. தங்கப்பொண்ணு எழுந்த வேகத்தில் டம்ளர் உருண்டது.

"தங்கப்பொண்ணு யாரும்மா?"

"நான்தான் சார்."

அவர் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார், குடங்களைப் பார்த்தார். "கொடம் வந்துருச்சு," என்றார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "போன தடவை கோலம் இருந்துச்சு, வெளக்கு இருந்துச்சு, ஆளு இல்ல. இப்ப ஆளு இருக்கு. நான் போனதும் மறுபடி பூட்டிட்டுப் போயிருவீங்களா?"

"இல்ல சார். வேலைய விட்டுட்டு வந்துட்டேன். இங்கதேன் இருக்கேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

என்னைப் பார்த்தார். "இவங்க யாரு? வாடகைக்கு விட்டுருக்கீங்களா?"

"ஐயோ, இவங்க டீச்சர். என்னையப் பாக்க வந்துருக்காங்க," என்றார் தங்கப்பொண்ணு. நானும் ஏதோ சொன்னேன். நான் சொன்னது உதவியதாகத் தெரியவில்லை.

அலுவலர் திரும்பி எதிர்க்கதவைத் தட்டினார்.

மலையம்மாள் கதவைத் திறந்தார். இடுப்பில் வெறுங்குடம் ஒன்று. எங்கோ தண்ணீர் தேடிக் கிளம்பிக்கொண்டிருந்தார் போலும்.

"ஏம்மா, போன தடவையும் உங்கள்ட்டதான கேட்டேன். இந்தத் தடவையாவது உண்மையச் சொல்லுங்க. இந்தம்மா இங்க குடியிருக்காங்களா, இல்லையா?"

மலையம்மாள் தங்கப்பொண்ணைப் பார்த்தார். கீழே யாரோ மீன்காரரிடம் விலை பேசுவது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"இருக்காளாவா?" என்று ஆரம்பித்தார் மலையம்மாள். "காலையில என் கொடத்தத் தள்ளி வச்சுட்டுத் தண்ணி புடிச்சவ யாரு? இந்தா, காலிக் கொடம். தொட்டுப் பாருங்க. வந்த நாள்ல இருந்து எனக்கு நிம்மதி கிடையாது சார். விடியுமுன்ன வாசலச் சரட்டு சரட்டுன்னு கூட்டுறா. என் வாசலயும் சேத்துக் கூட்டுனா புண்ணியம். அதுவும் கிடையாது. கோடு போட்ட மாதிரி அவ பக்கத்தோட நிறுத்திக்கிறா. இவள வேற பிளாக்குக்கு மாத்தி விடுங்க. இல்லாட்டி என்னைய மாத்தி விடுங்க."

"மாத்துறதுக்கு நான் வரலம்மா. இருக்காங்களான்னுதான் கேட்டேன்."

"அதத்தான சொல்லிக்கிட்டு இருக்கேன்."

கூட வந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அலுவலர் சிரிக்கவில்லை. குழாயடி இருக்கும் பக்கம் எட்டிப் பார்த்தார். மேலும் கேட்க எதுவும் இல்லை என்பதுபோலப் பேனாவை எடுத்து எழுதினார். தங்கப்பொண்ணைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவர் நிதானமாக, முழுப் பெயரையும் எழுதினார். அலுவலர் கதவில் இருந்த தாளை நகத்தால் சுரண்டிக் கிழித்தார். பாதி வந்தது, பாதி ஒட்டிக்கொண்டது.

"சரி, முடிஞ்சது. பூட்டிப் போட்டுறாதீங்க," என்று சொல்லிவிட்டு நான்காவது மாடிக்கு ஏறினார்கள்.

மலையம்மாள் உதவி செய்ய நினைத்துச் சொன்னாரா, உண்மையிலேயே புகார் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுவிட வேண்டும் போல இருந்தது. கேட்டேன்.

"என்ன கேக்குறீங்க? நடந்ததச் சொன்னேன்," என்றார் அவர் எரிச்சலாக.

தங்கப்பொண்ணு தண்ணீரோடு தன்னுடைய பச்சைக் குடத்தைத் தூக்கி எதிர்வாசலில் வைத்தார். மலையம்மாள் அதை உள்ளே எடுத்துக்கொண்டு போய் ஊற்றிவிட்டு, வெறுங்குடத்தைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்.

"சமயநல்லூர் ரோட்டுல ஓட்டல்ல பாத்திரம் கழுவ ஆள் கேட்டாங்க. திங்கக்கிழமையில இருந்து அங்க போகலாம்னு இருக்கேன். நடந்தே போயிரலாம்," என்று தங்கப்பொண்ணு என்னிடம் சொன்னார். ஆனால் எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எந்த வேலைக்கு வேணா போ," என்றார் மலையம்மாள், கதவைச் சாத்துவதற்கு முன்னால். "இனி நீயும் இந்த மாடிக்காரிதான. நாளைக்குப் படி கூட்டுறது உன் முறை."

"எங்க இருந்து எதுவரைக்கும்?" என்று கேட்டார் தங்கப்பொண்ணு.

மலையம்மாள் திரும்ப வெளியே வந்து, படியில் இரண்டு அடி இறங்கி நின்று, காலால் காட்டினார்.